பஸ் திரும்பும் இடம்

டூரின்
3 செப்டம்பர் 2018

அன்புள்ள அக்கா தெல்ஃபீனாவுக்கு,

கிறிஸ்துமஸ் அட்டையைத் தவிர என் கையெழுத்தில் உனக்கு எதுவும் வந்து பதினாறு வருஷம் ஆகிறது. உறையைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. நான் வரலாம் என்று இருக்கிறேன்.

மூன்றே நாள். இம்மாதம் 28, வெள்ளிக்கிழமை மதியம் வந்து ஞாயிறு மாலை கிளம்பிவிடுவேன். அம்மாவின் கல்லறை, நாம் மாடு மேய்த்த சேர்ரே புல்வெளி, அதற்கு மேலே இருக்கும் ஊற்று. இவற்றைப் பார்க்க வேண்டும். உன்னையும்தான், நீ விட்டால்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் பழக்கத்தில் நீ போனைப் பிடிக்கும் அந்தப் பழுதான இடது காதுக்கு எட்ட நான் கத்த வேண்டும், கத்தினால் நான் கோபமாக இருப்பதாக நீ நினைப்பாய், பிறகு பழைய இடத்துக்கே போய்ச் சேருவோம். காகிதத்தில் கத்த முடியாது.

ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். டூரினிலிருந்து பியெத்ராவரை ரயில். அதில் பேச்சே இல்லை. அங்கிருந்து கொம்பரோசாவுக்கு ஏறும் பதினான்கு கிலோமீட்டர்தான் கேள்வி. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கராஜில் கார் வாடகைக்குத் தருகிறார்களாம். என் காரை நான் வசந்த காலத்தில் விற்றுவிட்டேன். அந்தக் கதை இப்போது வேண்டாம். வாடகைக் கார் என்றால் நினைத்த நேரத்தில் நினைத்த இடம். பஸ் என்றால் நாளுக்கு இரண்டு மூன்று தடவைதான் இருக்கும், சேர்ரேவுக்கு அது போகவும் போகாது. இருப்பதே மூன்று நாள், அதில் பாதி நிறுத்தத்தில் உட்கார்ந்தே போய்விடும். எனக்குக் கார்தான் சரியென்று படுகிறது. ஆனாலும் அங்கே இருப்பவள் நீ. என்ன சொல்கிறாய்?

படுக்க இடம் இல்லையென்றால் சத்திரத்தில் அறை எடுத்துக்கொள்கிறேன்.

எர்சிலியா


கொம்பரோசா
8 செப்டம்பர்

எர்சிலியா,

கடிதம் வந்தது. சத்திரத்தை மூடி ஒன்பது வருஷம் ஆகிறது. அதுகூடத் தெரியாத அளவுக்கு ஆகிவிட்டோம் பார். அம்மாவின் கட்டில் இருக்கிறது. மெத்தையை வெயிலில் போட்டுவிட்டேன்.

கார் வேண்டாம், பஸ்ஸில் வா. ஏன் என்று சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு மாட்டுக்குப் போனவள் நான். உன்னைப் போல ஒன்று இரண்டு என்று அடுக்கி எழுத வராது. வருகிறபடி எழுதுகிறேன்.

உன் கடிதத்தை மேலே கொண்டுவந்தது யார் தெரியுமா? தபால் பையும் பஸ்ஸில்தான் வருகிறது. அந்த பஸ்ஸை ஓட்டுவது என் பேத்தி நிவெஸ். என் மகன் தீனோவின் மகள். நீ பார்த்தபோது பத்து வயது, முழங்காலெல்லாம் சிராய்ப்போடு திரிந்தாளே, அவள்தான். இப்போது இருபத்தாறு. இந்த வழித்தடம் அவள் கைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒன்பது மீட்டர் நீளமுள்ள வண்டியை அந்த வளைவுகளில் அவள் திருப்புவதை நீ பார்க்க வேண்டும். பாலாடையை ஓரத்தில் ஒட்டாமல் கரண்டியால் எடுப்பதுபோல இருக்கும்.

அவள் ஓட்டிய முதல் நாள் கோயில் பக்கத்து ஊற்றடியில் உட்கார்ந்திருந்த ஆண்கள் என்ன பேசினார்கள் என்று நினைக்கிறாய்? கிழவர் ஜொவானின் எல்லாருக்கும் கேட்கும்படி, "போயும் போயும் ஒரு பொட்டப்புள்ள கையிலயா உயிரக் குடுக்கணும்?" என்றார். அவள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, "வேணாம்னா நடந்து வாங்க தாத்தா. பையை மட்டும் குடுங்க, அது என்னை நம்பும்" என்றாள். பையைக் கொடுத்தார். அரைக் கிலோமீட்டர் நடந்தார். இரண்டாம் வளைவில் அவருக்காக நின்றிருந்தாள். இப்போது அவர் நிறுத்தத்தில் இல்லாவிட்டால் இறங்கிப் போய் அவர் கதவைத் தட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறாள். போன பிப்ரவரியில் அவர் அடுக்களையில் விழுந்து கிடந்தது அப்படித்தான் தெரிந்தது.

பனிக்காலத்தில் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டுவதும் அவளே. யாரையும் கூப்பிடுவதில்லை. ரொட்டி, மருந்து, ஆசிரியைக்குப் புதுக் கண்ணாடி எல்லாம் அவள் இருக்கைக்குப் பின்னால் வைத்துத்தான் வருகிறது.

நீ வரும் சனிக்கிழமை மிக்கேல் திருநாள். மேய்ச்சலிலிருந்து மாடுகள் இறங்கும். நீ மறந்திருக்க மாட்டாய். அன்று மதியம்வரை சாலை மாடுகளுடையது. கார் வைத்துக்கொண்டு என்ன செய்வாய், அதற்கும் மணி கட்டுவாயா? சேர்ரேவுக்குத் தீனோ டிராக்டரில் கொண்டுபோய் விடுவான்.

பஸ் சீட்டை ஸ்டேஷன் எதிரே இருக்கும் சிகரெட் கடையில் வாங்கிக்கொள். ஏறிய பிறகு நிவெஸிடம் கேட்காதே. ஓட்டுகிறவளைத் தொந்தரவு செய்யக் கூடாது.

இன்னொன்று. இத்தனை சொன்ன பிறகும் நீ காரில்தான் வருவாய் என்றால், அதை எங்கே நிறுத்துவாய்? முதலில் அதை எழுது.

தெல்ஃபீனா


டூரின்
12 செப்டம்பர்

அக்கா,

உன் கடிதம் முழுக்க உன் பேத்தி இருந்தாள். கடைசி வரியில்தான் நீ வந்தாய்.

சரி, அந்த இடத்தைப் பற்றியே பேசிவிடுவோம். 2002 ஆகஸ்ட், ஊர்த் திருவிழா. கோயிலுக்கு முன்னால் அழகாக, காலியாக ஓர் இடம். பலகை கிடையாது, கோடு கிடையாது. காரை நிறுத்திவிட்டு அம்மாவின் கல்லறைக்குப் பூப்பறிக்க மேலே போனேன். அது பஸ் திரும்பும் இடம் என்று ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியுமாம். நான் அந்த ஊரை விட்டபோது பஸ்ஸே கிடையாது, அக்கா. ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களை ஏற்றிக்கொண்டு அன்றைய ஓட்டுநர் பத்திஸ்தா, திருப்ப இடமில்லாமல், பஸ்ஸை மாவு மில்வரை ஒன்றரைக் கிலோமீட்டர் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனார். நான் பூவோடு இறங்கி வந்தபோது ஊர்வலம் நின்றிருந்தது. பாதிரியார் நின்றிருந்தார். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா?

"ஊருக்கே ஓட்டக் கத்துக்குடுக்கிற மகராசிக்கு நிறுத்தக் கத்துக்குடுக்க ஒரு ஆளு இல்லையா?"

சிலுவையைத் தூக்கி வந்தவர்கூடச் சிரித்தார். நான் அன்று மாலையே கிளம்பினேன். நீ சொன்னது தப்பாக இருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சரியாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போது காரை விற்ற கதை. அக்டோபர் 4ஆம் தேதி எனக்கு எழுபத்தைந்து. லைசென்ஸ் அன்றோடு முடிகிறது. வலது கண்ணின் ஓரத்தில் புகை படிந்ததுபோல இருக்கிறது. நேராகப் பார்ப்பதற்குக் குறையில்லை, ஓரம்தான் இல்லை. கண் டாக்டர், "இப்ப இருக்கிற லைசென்ஸ் முடியிறவரைக்கும் பகல்ல, மெதுவா, தெரிஞ்ச சாலையில ஓட்டுங்க. புதுப்பிக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். எழுபத்தைந்துக்கு மேல் அந்தக் கராஜிலும் கார் தர மாட்டார்கள்.

முப்பத்தெட்டு வருஷம் டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மற்றவர்களை ஓட்டவைத்தேன். எனக்கு இன்னும் ஒரே ஒரு ஓட்டம் மிச்சம் இருக்கிறது. பதினாலு வயதில் துணிமூட்டையோடு அழுதுகொண்டே நடந்து இறங்கிய சாலையில், என் கையாலேயே ஓட்டி மேலே ஏறி வர வேண்டும். அதற்காகத்தான் கார். நேரம் மிச்சம் பிடிக்க என்று போன கடிதத்தில் எழுதியதெல்லாம் சும்மா.

யாரிடமும் சொல்லாதே, முக்கியமாக உன் பேத்தியிடம். கார் சொல்லிவைத்துவிட்டேன். சின்னது, சிவப்பு. எங்கே நிறுத்த வேண்டும் என்று நீயே சொல்.

எர்சிலியா


கொம்பரோசா
17 செப்டம்பர்

எர்சிலியா,

மாவு மில் பக்கத்தில் நிறுத்து. அங்கிருந்து நடந்து வா. பையை அங்கேயே வை, தீனோ எடுத்துக்கொள்வான்.

கண்ணைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு அன்று சூப்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். "என்னாச்சு பாட்டி?" என்று நிவெஸ் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். சொல்லியிருந்தால் அவள் உனக்காக இரக்கப்படுவாள். உனக்கு இரக்கம் ஆகாது, எனக்குத் தெரியும்.

ஓட்டாதே என்று எழுதிப் பார்த்தேன். அந்தத் தாள் அடுப்புக்குப் போய்விட்டது. எனக்கு ஆகாத ஒன்றை நான் தடுக்கலாம். உனக்குக் கடைசியாக இருப்பதைத் தடுக்க நான் யார்?

ஆனால் நான் சொல்கிறபடி ஏறு. மாதா மாடத்து வளைவிலிருந்து பாலம்வரை சாலை ஒடுக்கம், ஏறும்போது உன் வலப்பக்கம் பள்ளம். அந்த இடத்தில் பஸ்ஸுக்கு எதிரே நீ போகவே கூடாது. காரும் பஸ்ஸும் சந்தித்தால் கார்தான் பின்னால் போக வேண்டும், அது உனக்கே தெரியும். இறங்கும் பஸ் இங்கிருந்து பதினொரு மணிக்குக் கிளம்பிப் பதினொன்று நாற்பதுக்குப் பியெத்ரா போய்விடும். அதனால் பன்னிரண்டுக்குக் கிளம்பு. அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் வேண்டாம். காபி குடி, இன்னொரு காபி குடி. பிறகு சாலை முழுக்க உன்னுடையது. என் பேத்தியின் பஸ் நேரம் எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

வளைவுக்கு வளைவு ஹார்ன் அடி. உனக்குப் போய்ச் சொல்கிறேன் பார்.

தெல்ஃபீனா


30 செப்டம்பர், ஞாயிறு
(ரொட்டியோடு உன் பையில் வைக்கிறேன். ரயிலில் படி.)

எர்சிலியா,

மூன்று நாள் என் மேசையில் சாப்பிட்டாய். அம்மாவின் கல்லறையில் களை பிடுங்கினாய். சேர்ரேயில் ஊற்றுத் தண்ணீரைத் தொப்பியில் மொண்டு குடித்தாய். ஆனால் ஏதோ ஒன்றை முழுங்கிக்கொண்டே இருந்தாய். வெள்ளிக்கிழமை மாலை நிவெஸ் உள்ளே வந்து உன்னைப் பார்த்தவள், கதவருகே ஒரு கணம் நின்றுவிட்டாள். நீ தட்டைப் பார்த்தாய். எனக்குக் காதுதான் பழுது, கண் நன்றாகத் தெரிகிறது. பிறகு அவள், "இவங்கதான் சின்னப்பாட்டியா?" என்று கேட்டு உனக்கு இரண்டு கரண்டி பொலெந்தாக் களி அதிகமாகப் போட்டாள். எனக்கு அவள் அப்படிப் போட்டதே கிடையாது.

இன்று காலை அந்தக் கராஜ்காரர் பஸ்ஸிலேயே ஏறி வந்து மில்லிலிருந்து காரை எடுத்துப் போகிறார், நீ மாலை பஸ்ஸில் இறங்குகிறாய். என்ன நடந்தது? அவளைக் கேட்டால் கெட்டிலை அடுப்பில் வைக்கப் போய்விடுகிறாள்.

எழுது.

தெ.


டூரின்
1 அக்டோபர்

அக்கா,

எழுதுகிறேன். முதலில் ஒரு கேள்வி. நீ சொன்னபடி சரியாகப் பன்னிரண்டுக்குத்தான் கிளம்பினேன். இரண்டு காபி குடித்தேன். அப்படியிருந்தும் பன்னிரண்டேகாலுக்கு மாதா மாடத்து வளைவில் உன் பேத்தியின் பஸ் ஏன் என் எதிரே வந்தது?

அதுவரை எப்படி ஓட்டினேன் தெரியுமா? இரண்டாம் கியரில், ஒரு வளைவைக்கூடத் தொடாமல். பாலம் வந்தபோது வாய்விட்டுப் பாடினேன். பிறகு ஹார்ன் கேட்டது. என் முன்னால் சுவர்போல ஒரு பஸ்.

பின்னால் ஐம்பது மீட்டரில் அகலமான இடம் இருந்தது, பார்த்துக்கொண்டேதான் வந்திருந்தேன். பிறரை ஆயிரம் தடவை எடுக்கவைத்த ரிவர்ஸ். கியரைப் போட்டு வலது பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். அங்கே சாலை இல்லை. புகைதான் இருந்தது. தலையை முழுசாகத் திருப்பினால் விளிம்பு தெரிந்தது, ஆனால் அப்போது முன்சக்கரம் எங்கே இருக்கிறது என்பது தெரியவில்லை. காலைக் கிளச்சிலிருந்து எடுக்க முடியவில்லை. பஸ் ஜன்னலிலிருந்து ஒரு குரல், உன் ஜொவானினாகத்தான் இருக்கும்:

"டூரின்காரங்க ரிவர்ஸ் கியரை வீட்ல வெச்சுட்டு வந்துட்டாங்க போல!"

"உங்க வாய்க்கும் சேர்த்து சீட்டு எடுத்தீங்களா தாத்தா?" என்று சொல்லிக்கொண்டே ஓட்டுநர் இறங்கினாள். என் வலப்பக்க ஜன்னலுக்கு வந்தாள். நான் அவளைப் பார்க்க உடம்பையே திருப்பினேன். அதை அவள் கவனித்தாள். எப்படிக் கவனித்தாள் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்: முகத்தில் ஒன்றும் மாறவில்லை, ஆனால் அடுத்த சொல்லை இடப்பக்க ஜன்னலுக்கு வந்துதான் பேசினாள்.

"வணக்கம்மா. அம்பது மீட்டர் பின்னாடி போகணும். நான் எடுத்துத் தரட்டுமா, நீங்களே எடுக்கிறீங்களா?"

அவள் எடுத்துத் தருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தால் சாவியைக் கொடுத்திருப்பேன். கொடுத்துவிட்டு அங்கிருந்தே நடந்து இறங்கியிருப்பேன், அக்கா, உன் வீட்டுக்கு வந்திருக்க மாட்டேன். ஆனால் அவள் கேட்டாள்.

"நானே" என்றேன்.

"சரி. வலது பக்கத்தை மறந்துடுங்க, அது என்னோடது. நீங்க என் குரலை மட்டும் பிடிச்சுக்கோங்க."

பிறகு அவள் போய் நின்ற இடத்தைச் சொல்கிறேன். பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே, விளிம்பில், தன் உடம்பையே வேலிக்கல்லாக நிறுத்திக்கொண்டாள். சாலைக்கு எங்கே முடிவு என்று எனக்குத் தெரியாது. ஒரு பெண் எங்கே நிற்கிறாள் என்று தெரியும். அவள் பக்கம் என் கை ஒருபோதும் சக்கரத்தைத் திருப்பாது. அதை அவள் கணக்கில் எடுத்திருந்தாள்.

"வாங்க... வாங்க... அப்படியே... கால்வாசி சுத்து... வாங்க... நில்லுங்க." அவ்வளவுதான் பேச்சு. ஒரு தேவையில்லாத சொல் இல்லை. பதற்றம் இல்லை, கொஞ்சல் இல்லை. பக்கத்து இருக்கையில் முப்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்தும் எனக்கு அந்தக் குரல் வந்ததில்லை. நான் எப்போதும் இரண்டு சொல் அதிகமாகப் பேசுவேன், மாணவன் மூன்றாவதை எதிர்பார்த்துத் தப்புச் செய்வான்.

அகலமான இடத்தில் கார் சுவரோரம் நேராக நின்றது.

"ஒரே தடவையில எடுத்துட்டீங்க!" என்றாள். "இந்த இடத்துல ஊர்க்காரங்களே முன்னாடி பின்னாடி மூணு தடவை ஆட்டுவாங்க. எங்க கத்துக்கிட்டீங்கம்மா?"

"கத்துக்குடுத்தேன்" என்றேன். அவள் சிரித்துவிட்டு ஓடிப் போய் ஏறினாள். பஸ் என்னைக் கடந்தபோது இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே ஒரு கையளவுதான் இடைவெளி. ஜொவானின் தொப்பியைக் கழற்றினார். கிண்டலுக்கில்லை.

மில்லில் காரை நிறுத்திச் சாவியை எடுத்தபோது தெரிந்தது, என் ஓட்டம் முடிந்துவிட்டது. நல்லபடியாக முடிந்தது. ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து வந்தேன், அழாமல்.

மாலையில் அவள் உன் வீட்டுக் கதவைத் திறந்தபோதுதான் இவள்தான் நிவெஸ் என்று எனக்கு உறுதியானது, நான் யார் என்று அவளுக்கும். அவள் சொல்லுவாள், எல்லாரும் சிரிப்பீர்கள் என்று காத்திருந்தேன். பொலெந்தா போட்டாள்.

சனிக்கிழமை மாடுகளுக்குப் பின்னால் நாம் இருவரும் பஸ்ஸில் போனது நினைவிருக்கிறதே. முன்னால் அறுபது மாடு, தலைமாட்டுக்குக் கொம்பில் பூ, கழுத்தில் வாளியளவு மணி. ஒரு தடவைகூட அவள் ஹார்ன் அடிக்கவில்லை. மாடுகள் நின்றபோது வண்டியை நிறுத்தி இன்ஜினைக்கூட அணைத்துவிட்டு, "மணிச்சத்தம் கேளுங்க, இதுக்கு சீட்டு வேண்டாம்" என்றாள். நான் மாட்டைப் பார்க்கவில்லை, அக்கா. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை சக்கரத்தில் ஓய்வாக இருந்தது. ஓய்வாக இருக்கும் கைதான் கற்றுக்கொடுக்க முடியாதது.

நீ அவளைப் பற்றி எழுதியதெல்லாம் பாட்டிப் பெருமை, பாதியைக் கழித்துவிடலாம் என்று நினைத்தேன். தொழில் தெரிந்தவளாகச் சொல்கிறேன்: நீ குறைத்து எழுதியிருக்கிறாய்.

கடைசியாக ஒன்று. நேற்று மாலை இறங்கும்போது முன் இருக்கையில் உட்கார்ந்தேன். ஓட்டுகிறவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நீ சொல்லியிருந்தாய். மாடத்து வளைவு தாண்டும்வரை பொறுத்துக்கொண்டு பிறகு கேட்டேன்: "ஏன்மா நீ வீட்ல சொல்லல?"

"ஓட்டினது நீங்க, சின்னப்பாட்டி. அதைச் சொல்றதும் நீங்கதான்" என்றாள். கொஞ்ச தூரம் போனபின் அவளாகவே சொன்னாள்: "ரிவர்ஸ் எனக்கு எப்படி வரும்னு கேக்க மாட்டீங்களா? நீங்கதான் காரணம்."

2002இல் பத்திஸ்தா பின்பக்கமாக ஓட்டிய அந்த பஸ்ஸில் அவள் இருந்தாளாம். சும்மா ஒரு சுற்றுப் போய்வர ஏறியிருந்தாளாம். பத்திஸ்தா அவளைக் கூப்பிட்டு, "பாப்பா, பின்கண்ணாடிகிட்ட போய் நில்லு. நீ சொல்றதுதான் எனக்குக் கண்ணு. ரெண்டு வார்த்தைக்கு மேல பேசாத" என்றாராம். ஒன்றரைக் கிலோமீட்டர், ஒன்பது வளைவு. பத்து வயதுக் குழந்தை சொல்லிச் சொல்லி ஒரு பஸ் முழுக்க ஆட்களைக் கீழே இறக்கியிருக்கிறாள். ரயிலும் கிடைத்தது. "அன்னிக்கு ராத்திரியே பாட்டிகிட்ட சொல்லிட்டேன், நான் பஸ்தான் ஓட்டுவேன்னு. பாட்டி உங்களுக்கு எழுதலையா?" என்று கேட்டாள்.

அக்கா, நீ எனக்கு எழுதவில்லையே. ஊர் நடுவில் நான் தலைகுனிந்து நின்ற அந்த ஒரு நாளைப் பதினாறு வருஷம் சுமந்தேன். அதிலிருந்து இப்படி ஒன்று முளைத்திருப்பதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லவில்லை?

எர்சிலியா


கொம்பரோசா
6 அக்டோபர்

அன்புள்ள என் தங்கை எர்சிலியாவுக்கு,

நாலாம் தேதி உனக்காகக் கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். எழுபத்தைந்து முடிந்துவிட்டது. லைசென்ஸும் முடிந்துவிட்டது. அதைக் கிழித்துப் போடாதே, வைத்திரு.

உன் முதல் கேள்விக்குப் பதில். சுவரில் மாவுப் பெட்டிக்கு மேலே பஸ் நேரத் தாள் ஒட்டியிருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் உனக்கு எழுதினேன். அது கோடைத் தாள். பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் இறங்கும் பஸ் பதினொன்று ஐம்பதுக்குத்தான் கிளம்பும். நான் மாற்றி ஒட்டவில்லை. நிவெஸிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவளைக் கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பாள், உன் கதையைச் சொல்ல வேண்டிவரும் என்று கேட்கவில்லை. அதோடு, எனக்குத் தெரியாதா என்ற திமிரும் இருந்தது. உன் கடிதத்தைப் படித்ததும் மாவுப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். உன்னை அந்த வளைவில் அவளுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தியது நான்தான். பத்திரமாக இரு என்று சொல்லியே அனுப்பியிருக்கிறேன். நிவெஸுக்குத் தெரிந்து இரண்டு நாளாகச் சிரிக்கிறாள். ஊரும் சிரிக்கிறது. ஊற்றடியில் ஜொவானின், "தெல்ஃபீனா அக்கா, இன்னிக்கு பஸ் எத்தனை மணிக்கு?" என்று வேண்டுமென்றே கேட்கிறார். கேட்கட்டும். நான் அன்று உன்னைப் பார்த்து ஊரையே சிரிக்கவைத்தேன். இது என் முறை.

இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத மூன்று தாள் எடுத்தேன்.

எனக்குத் தெரியும். அன்று இரவே தெரியும். அவள் சாப்பாட்டில் உட்காராமல், மேசையைச் சுற்றிப் பின்பக்கமாகவே நடந்து காட்டினாள். "பாட்டி, எல்லாரும் நான் சொன்னபடி வந்தாங்க!" என்றாள். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. காலையில் உனக்கு எழுதலாம் என்று தாள் எடுத்தேன். எழுதினால் உனக்கு நன்றி சொல்ல வேண்டிவரும். ஊர் முன்னால் நான் திட்டியவளுக்கு ஊருக்குத் தெரியாமல் நன்றி சொல்வதா என்று வைத்துவிட்டேன். அடுத்த வருஷம் எழுதலாம் என்று வைத்தேன். அவள் லைசென்ஸ் வாங்கியபோது எழுதலாம் என்று வைத்தேன். இந்த வழித்தடம் அவள் கைக்கு வந்த அன்று உறையில் உன் விலாசம்கூட எழுதினேன். ஒவ்வொரு வருஷமும் முந்தின வருஷம் எழுதாததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அது ஏறிக்கொண்டே போனது. பிறகு நான் ஆரம்பிப்பதையே விட்டுவிட்டேன். அவளைப் பற்றி யார் கேட்டாலும் நாள் முழுக்கப் பேசுகிறேன், அவள் எங்கே ஆரம்பித்தாள் என்பதை மட்டும் விட்டுவிட்டுப் பேசுகிறேன். அந்த ஆரம்பம் உன்னுடையது என்பதால்.

நேற்று ஞாயிறு அல்ல, சும்மா நாள். ஆனாலும் காலை பஸ்ஸுக்கு ஆட்கள் கூடியிருந்தபோது கோயில் முன்னால் போனேன். நீ நிறுத்திய அந்த இடத்தில் இப்போது மஞ்சள் கோடு போட்டு, நிறுத்தாதே என்று பலகையும் வைத்திருக்கிறார்கள். நீ போன அடுத்த மாதமே வைத்தார்கள், இந்த முறை பார்த்திருப்பாய். பலகைக்குப் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "என் பேத்தி இந்த பஸ்ஸை ஓட்டுறான்னா அதுக்குக் காரணம் என் தங்கச்சி. அன்னிக்கு நான் அவளைத் திட்டினது தப்பு." ஜொவானின், "அதை இப்பதான் கண்டுபிடிச்சியா?" என்றார். "இல்ல, பதினாறு வருஷமா தெரியும்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நிவெஸ் இருக்கையில் உட்கார்ந்தபடி ஹார்னை ஒரு தடவை அடித்தாள். அது என் நல்ல காதில் கேட்டது.

கிறிஸ்துமஸுக்கு வா. அட்டை அனுப்பாதே, நீயே வா. காரா பஸ்ஸா என்ற கேள்வி இனி இல்லை. ஆனால் நீ தனியாக ஏறி வர வேண்டாம், நான் பியெத்ராவுக்கு இறங்கி வந்து ஸ்டேஷனில் நிற்பேன். எனக்கு எப்போதும் மூன்றாவது வரிசை, மலைப்பக்கம்தான்; பள்ளத்தைப் பார்த்தால் தலை சுற்றும். அது நிவெஸுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இந்த முறை முன்னால் உன்னோடு உட்காருகிறேன். பள்ளம் இருக்கிற பக்கம் நான். உன் வலது ஓரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், என் இடது காதுக்கு நீ கேட்டுச் சொல்.

தாளை மாற்றி ஒட்டிவிட்டேன். ரயில் நான்கு பத்துக்கு வரும், பஸ் நான்கரைக்குக் கிளம்பும். நிவெஸைக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

உன் அக்கா
தெல்ஃபீனா